துப்பாக்கியின் மறுமுனையில் உடன்பிறப்பு
லியம் ஓ ஃபிளாகர்ட்டியின் வாழ்வும் திரையும்

அந்நியனை எதிர்த்துப் போரிட்ட கதையை எந்த நாடும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும். அந்நியன் அகன்ற சில மாதங்களில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட கதையைச் சொல்வதற்கோ நா எழுவதில்லை. அதைச் சொல்பவனை ஊர் விரும்புவதுமில்லை. அயர்லாந்தில் அந்த இரண்டாம் கதையை முதலில் துணிந்து சொன்னவர்களுள் ஒருவர் லியம் ஓ ஃபிளாகர்ட்டி. இவருடைய ஒரே புதினத்தை நாற்பதாண்டுக் கால இடைவெளிக்குள் இரு நாட்டார் மூன்று முறை படமாக்கினர். அவர் எழுதியதில் எதைத் திரை ஏற்றுக்கொண்டது, எதைக் கண்டு கூசி விலகிற்று என்று பார்த்தால், ஒரு மனிதரின் வாழ்க்கையோடு ஒரு நாட்டின் மனச்சான்றும் நமக்குப் புலனாகும்.

அயர்லாந்தின் மேற்குக் கடலில் ஆரன் தீவுகள் என மூன்று சிறு தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியதான இனிஷ்மோரில், கோர்ட் நா கப்பல் என்னும் சிற்றூரில், 1896 ஆகஸ்ட் 28 அன்று ஓ ஃபிளாகர்ட்டி பிறந்தார். கல்லே நிலமாகக் கிடக்கும் தீவு அது. கடற்பாசியையும் மணலையும் சுமந்து வந்து பாறைமேல் பரப்பி, மண்ணைத் தாமே உண்டாக்கி உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்த மக்கள். சிறிது தொலைவில், செங்குத்தான பாறை விளிம்பின்மேல் டூன் ஏங்கஸ் என்னும் பழங்காலக் கற்கோட்டை நிற்கிறது. அதன் கீழே அட்லாண்டிக் பெருங்கடல் மோதிக்கொண்டே இருக்கும். தந்தையார் வறிய குடியானவர்; நில உரிமைக் கிளர்ச்சியில் ஈடுபட்டவர். ஐரிஷ் மொழியும் ஆங்கிலமும் இளமையிலேயே இவருக்குக் கைவந்தன. இரண்டிலும் எழுதினார். இரண்டிலும் இவருடைய நடை, தீவின் கல்லைப் போலவே அணியற்றது, உறுதியானது.

பன்னிரண்டாம் வயதில், குருவாக்கும் நோக்குடன் இவரை ராக்வெல் கல்லூரிக்கு அனுப்பினர். துறவுக்கல்வி நிலைக்கவில்லை. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார், அதுவும் நிலைக்கவில்லை. முதல் உலகப்போர் மூண்டிருந்த காலம். தாயின் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு, பில் கான்லி என்ற பெயரில் ஆங்கில அரசின் ஐரிஷ் காவற்படையில் சேர்ந்தார். 1917 செப்டம்பரில் பெல்ஜியத்து லாங்கமார்க் களத்தில் குண்டொன்று அருகே வெடித்தது. உடலைவிட உள்ளமே அதிகம் சிதைந்தது. 1918இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த வெடியின் அதிர்ச்சி வாழ்நாள் முழுவதும் இவரை விட்டு நீங்கவில்லை. நெடிய மனச்சோர்வுகளாக அது திரும்பத் திரும்ப வந்தது.

அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நாடோடி வாழ்க்கை. இலண்டன், தென்னமெரிக்கா, துருக்கி, கனடா, ஐக்கிய அமெரிக்கா என அலைந்தார். கப்பலிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் கூலிக்கு உழைத்தார். இங்கே ஒன்றை நாம் மனங்கொள்ள வேண்டும். 1919 முதல் 1921 வரை அயர்லாந்தில் ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைப்போர் நடந்த காலத்தின் பெரும்பகுதியில் ஓ ஃபிளாகர்ட்டி தாய்நாட்டில் இல்லை. பிற்காலத்துப் படங்கள் பாடிப் புகழ்ந்த அந்தப் போரை அவர் கண்ணால் கண்டது குறைவு. அவர் வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த கட்டத்திற்கு. ஒருவரும் பாட விரும்பாத கட்டத்திற்கு.

1921 ஜூலை 11இல் போர் ஓய்ந்தது. டிசம்பர் 6இல் இலண்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முழுக் குடியரசு கிடைக்கவில்லை. ஆங்கில மன்னருக்கு விசுவாச உறுதிமொழி கூறும் 'சுதந்திர அரசு' கிடைத்தது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் தனியே நின்றன. 1922 ஜனவரி 7 அன்று ஐரிஷ் பேரவை 64க்கு 57 என்ற வாக்குகளில் உடன்படிக்கையை ஏற்றது. அந்த ஏழு வாக்கு வேறுபாட்டில் வீடுகள் இரண்டாகப் பிளந்தன. ஒரே பாசறையில் உண்டு உறங்கிய தோழர்கள், உடன்படிக்கைக்கு இசைந்தோர், எதிர்த்தோர் என இரு படைகளாயினர்.

ஓ ஃபிளாகர்ட்டியின் கோபமோ வேறொரு பக்கத்திலிருந்து எழுந்தது. கொடி மாறினாலும் பசி மாறவில்லையே என்பது அவர் கேள்வி. தற்காலிக அரசு பொறுப்பேற்ற இரண்டே நாளில், 1922 ஜனவரி 18 அன்று, வேலையற்றோர் கூட்டமொன்றுடன் டப்ளினின் ரொட்டண்டா மண்டபத்தைக் கைப்பற்றி அதன்மேல் செங்கொடி ஏற்றினார். எதிர்த்துக் கூடியவர்கள், ஆங்கிலேயரல்லர். டப்ளின் நகரத்து மக்களே. சில நாட்களில் இவரும் தோழர்களும் மண்டபத்தை விட்டு வெளியேறினர். சொந்த மக்கள் தம்மை நோக்கிக் கூச்சலிட்டதைக் கேட்ட அந்த அனுபவம், கும்பலின் இயல்பை அவருக்குக் கற்பித்தது எனலாம். பின்னாளில் அவர் எழுத்தில் கூட்டம் வரும் இடமெல்லாம் அச்சமும் உடன் வரும்.

அவ்வாண்டு ஜூன் 28 விடியற்காலையில், மைக்கேல் காலின்சின் தலைமையிலான அரசுப்படை, ஆங்கிலேயரிடமிருந்து பெற்ற பீரங்கிகளால் டப்ளினின் நான்கு நீதிமன்ற வளாகத்தைத் தாக்கிற்று. உள்ளே இருந்தவர்கள் நேற்றுவரை காலின்சின் தோழர்கள். இரண்டு நாட்களில், அதே வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம், பல நூற்றாண்டுகளின் ஏடுகளோடு எரிந்து சாம்பலாயிற்று. ஓ ஃபிளாகர்ட்டி குடியரசுப் படையின் பக்கம் நின்றார். ஒரு வாரத்தில் டப்ளின் வீழ்ந்தது. இவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். ஆகஸ்ட் 22இல் காலின்சும், தாம் பிறந்த கார்க் மாவட்டத்தில், பதுங்கியிருந்த தம் நாட்டவரின் குண்டுக்கு இரையானார். 1923 மே மாதத்தில் குடியரசுவாதிகள் ஆயுதங்களை ஒதுக்கிவைத்தபோது போர் முடிந்தது. சுதந்திர அரசு தன் மக்களுள் எழுபத்தேழு பேருக்கு அதற்குள் மரண தண்டனை நிறைவேற்றியிருந்தது என்பது ஐரிஷ் மக்களின் நினைவில் ஆழப் பதிந்த கணக்கு.

இலண்டனில் ஓ ஃபிளாகர்ட்டி பேனாவை எடுத்தார். 1923 ஜனவரியில், போர் இன்னும் முடியாத நிலையில், ஓர் இதழில் 'தி ஸ்னைப்பர்' என்னும் சிறுகதை வெளிவந்தது. டப்ளின் நகரின் கூரையொன்றில் பதுங்கிய குடியரசு வீரன், எதிர்க்கூரையிலுள்ள பகைவனைத் தந்திரத்தால் வீழ்த்துகிறான். தன்னோடு சரிநிகராக நின்று போரிட்டவன் யாரென அறியும் ஆவலில் தெருவில் இறங்கி ஓடிப் பிணத்தைப் புரட்டிப் பார்க்கிறான். அது அவனுடைய உடன்பிறந்தவனின் முகம். கதை அங்கேயே முடிகிறது. அழுகை இல்லை, அறவுரை இல்லை. சில பக்கங்களில் ஓர் உள்நாட்டுப் போர் முழுவதும் அடங்கிவிட்டது. எந்தச் சொல்லோடு நிறுத்துவது என்பதே கலை என்று நம்பும் கவிஞர்கள் பயில வேண்டிய கதை இது.

அதே ஆண்டு முதற்புதினம் வெளிவந்தது. எட்வர்ட் கார்னெட் என்னும் தேர்ந்த பதிப்பாசிரியரின் துணை இவருக்கு வாய்த்தது. தாமறிந்த தீவையும் உழவையும் விலங்குகளையும் எழுதுமாறு அவர் தூண்டினார். அதன் பயனாக அருமையான சிறுகதைகள் பிறந்தன. ஆயினும் இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது 1925இல் வெளியான 'தி இன்ஃபார்மர்'. காட்டிக்கொடுப்பவன் என்பது பொருள். பிரிட்டனின் ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசு இதற்குக் கிடைத்தது.

கதை நடப்பது உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், டப்ளினின் சேரித் தெருக்களில், ஓர் இரவில். ஜிப்போ நோலன் பேருருவம் கொண்டவன். சிந்திக்கும் ஆற்றல் அற்றவன். முன்பு காவலராக இருந்தவன். அவனும் நண்பன் ஃபிரான்கி மெக்ஃபிலிப்பும் புரட்சி இயக்கத்தினின்று விலக்கப்பட்டவர்கள். வேலைநிறுத்தமொன்றின்போது கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகத் திரியும் ஃபிரான்கியை, இருபது பவுனுக்கு ஜிப்போ காவலரிடம் காட்டிக்கொடுக்கிறான். அன்றிரவு தலைசாய்க்க ஒரு படுக்கைக்குக்கூட அவனிடம் காசில்லை என்பதே அதன் தொடக்கம். பணம் விடிவதற்குள் கரைகிறது. இயக்கம் அவனைத் தேடுகிறது. குண்டடிபட்ட ஜிப்போ, தேவாலயத்தில் வழிபட்டுக்கொண்டிருக்கும் ஃபிரான்கியின் தாயிடம் மன்னிப்பு வேண்டி, அதைப் பெற்று இறக்கிறான்.

இப்புதினத்தில் ஆங்கிலேயன் இல்லை. காட்டிக்கொடுத்தவனும் கொல்லப்பட்டவனும், தண்டித்த தலைவனும், மன்னித்த தாயும், அனைவரும் ஐரிஷ்காரர்களே. புரட்சித் தலைவன் டான் காலகரும் மாசற்ற வீரனல்லன். அறிவுக் குளிர்ச்சியும் அதிகாரப் பசியும் கொண்டவன். இதுவே இப்புதினத்தின் முதுகெலும்பு. திரைப்பட உத்தியை மனத்திற்கொண்டே இதன் நடையை அமைத்ததாகப் பின்னாளில் ஓ ஃபிளாகர்ட்டியே கூறியிருக்கிறார். ஆகவே திரையுலகம் இதைத் தேடி வந்ததில் வியப்பில்லை. வந்தவர்கள் இந்த முதுகெலும்பை என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாம் நோக்க வேண்டும்.

முதலில் வந்தது 1929இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட படம். இயக்கியவர் ஆர்தர் ராபிசன். ஊமைப்படம் பேசும்படமாக மாறிய வேளையாதலால் இரு வடிவங்களிலும் வெளியாயிற்று. சுவீடனின் லார்ஸ் ஹான்சன் ஜிப்போவாக நடித்தார். நிழலும் ஒளியும் அழகுறக் கையாளப்பட்ட படம். ஆனால் காட்டிக்கொடுப்பின் காரணம் காதற் பொறாமையாக மாறிற்று. பெண்ணொருத்தியின் பொருட்டு நண்பன் நண்பனைக் காட்டிக்கொடுத்தான் என்று சொல்லிவிட்டால், நாட்டைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா!

இரண்டாவது, 1935இல் அமெரிக்காவில் ஜான் ஃபோர்டு இயக்கிய புகழ்பெற்ற படம். ஃபோர்டின் தந்தை கால்வே கடற்கரையிலுள்ள ஸ்பிடல் ஊரினர். தாயார் ஓ ஃபிளாகர்ட்டி பிறந்த அதே ஆரன் தீவினர். சிறிய செலவில், சில வாரங்களிலேயே படப்பிடிப்பு முடிந்தது. எளிய அரங்க அமைப்புகளை மறைக்கப் பனிமூட்டத்தைப் பரப்பினர். அப்பனியே ஜிப்போவின் மனமூட்டத்திற்கு உருவகமாயிற்று. ஃபிரான்கியின் தலைக்கு விலை கூறும் சுவரொட்டி காற்றில் பறந்து வந்து ஜிப்போவின் காலில் ஒட்டிக்கொள்ளும் காட்சியைக் கண்டவர் மறவார். சிறந்த இயக்குநர், நடிகர், திரைக்கதை, இசை ஆகிய நான்கு ஆஸ்கார் விருதுகள் இதற்குக் கிடைத்தன. ஜிப்போவாக நடித்த விக்டர் மெக்லாக்லன் அதற்கு முன் குத்துச்சண்டை வீரர். திரைக்கதை எழுதிய டட்லி நிக்கல்சோ, எழுத்தாளர் சங்கப் பூசலின் காரணமாகத் தம் விருதை ஏற்க மறுத்தார்.

இத்துணைச் சிறப்பும் கொண்ட படத்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கதை, ஆங்கிலேயரை எதிர்த்த போர்க்காலத்திற்கு நகர்த்தப்பட்டது. ஃபிரான்கியைத் தேடிக் கொல்வோர் 'பிளாக் அண்ட் டான்ஸ்' எனப்பட்ட ஆங்கிலப் படையினர். தலைவன் காலகர் நேர்மையின் உருவானான். ஜிப்போவுக்கும் படுக்கைக்குப் பதிலாக, காதலியுடன் அமெரிக்கா செல்லும் ஆசை தரப்பட்டது. படம் தொடங்கும்போது திரையில் காட்டப்படும் ஆண்டோ 1922. அவ்வாண்டில் ஆங்கிலேயருடனான போர் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. டப்ளினில் ஐரிஷ்காரரை ஐரிஷ்காரரே சுட்டுக்கொண்டிருந்தனர். மறைக்க முயன்ற புண், மறைத்த துணியிலேயே கறையாகத் தெரிந்ததைப் போன்றது இது.

ஃபோர்டை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. அயர்லாந்திலேயே 1926இல் எடுக்கப்பட்ட 'ஐரிஷ் டெஸ்டினி'யும், 1936இல் கில்லார்னி ஊரார் கூடி எடுத்த 'தி டான்' என்ற படமும் விடுதலைப்போரைத்தான் பாடின. உள்நாட்டுப் போரில் கணவனை இழந்தவளும், மகனை இழந்தவளும், அவனைச் சுட்டவனும் ஒரே தெருவில் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே கொட்டகையில் அவர்கள் அருகருகே அமர்ந்து பார்க்கத்தக்க கதை, ஆங்கிலேயன் பகைவனாக வரும் கதை ஒன்றே. ஆற வேண்டிய புண்ணைக் கிளறலாகாது என்று ஒரு சமூகம் எண்ணினால் அதில் கருணையும் உண்டு, கோழைத்தனமும் உண்டு. ஓ ஃபிளாகர்ட்டி கண்டது பெரும்பாலும் இரண்டாவதையே.

ஃபோர்டின் மாற்றங்களால் இருவர் நட்பும் முறிந்ததாகத் தெரியவில்லை. 1937இல் வெளிவந்த தம் தலைசிறந்த புதினமான 'ஃபேமின்' நூலை ஃபோர்டுக்கே ஓ ஃபிளாகர்ட்டி உரிமையாக்கினார். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றிய அந்நூலிலும், பஞ்சத்தில் கொழுத்த உள்ளூர் வட்டிக்கடைக்காரனை அவர் விட்டுவைக்கவில்லை. ஹாலிவுட்டில் தாம் கண்டவற்றையும் 1935இலேயே ஓர் அங்கதப் புதினமாக எழுதிவிட்டார்.

திரை இவரைக் கொண்டாடிய அதே ஆண்டுகளில், தாய்நாடு இவரைத் தடைசெய்தது. 1929இல் சுதந்திர அரசு தணிக்கைச் சட்டம் இயற்றிற்று. இவருடைய 'ஹவுஸ் ஆஃப் கோல்டு' அச்சட்டத்தால் தடைசெய்யப்பட்ட முதல் ஐரிஷ் நூல்களுள் ஒன்று. ஒழுக்க வெறியனொருவன் கொலைகாரனாகும் கதையான 'தி பியூரிட்டன்' புதினமும் தடைக்கு உள்ளாயிற்று. அதைப் பிரான்சு நாட்டார் படமாக்கிச் சிறப்பித்தனர் என்பது காலத்தின் வேடிக்கை. உள்நாட்டுப் போரையே நேராகக் களமாகக் கொண்டு 1933இல் இவர் எழுதிய 'தி மார்ட்டிர்' புதினத்தை எவரும் திரைக்குக் கொண்டுவர முன்வரவில்லை.

குறைகளற்ற மனிதர் என்று இவரைக் கூறுவதற்கில்லை. எழுத்தாளர் மார்கரெட் பாரிங்டனுடன் 1926இல் நடந்த திருமணம் ஆறாண்டுகளில் பிரிவில் முடிந்தது. தம்மைப் பற்றி எழுதியபோது கற்பனையைத் தாராளமாகக் கலந்தார். அவசரத்தில் எழுதிய நூல்களும் உண்டு. ஆனால் தமக்குப் பிடித்த பக்கத்தின் தவறுகளை மூடிவைத்தார் என்று எவராலும் சொல்ல இயலாது. குடியரசுவாதியாகப் போரிட்டவர், குடியரசு வீரனின் கையாலேயே உடன்பிறந்தானைக் கொல்லவைத்து எழுதினார். பொதுவுடைமைக் கொடி ஏற்றியவர், புரட்சித் தலைவனையே ஈரமற்றவனாகப் படைத்தார். எழுத்தாளனின் நேர்மைக்கு இதைவிடக் கடுமையான உரைகல் வேறில்லை.

1950இல், 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சியைப் பற்றிய 'இன்சரக்‌ஷன்' இவருடைய கடைசிப் புதினமாக வெளிவந்தது. 1953இல் 'தூல்' என்னும் ஐரிஷ் மொழிச் சிறுகதைத் தொகுதியைத் தந்தார். ஆசை என்பது அச்சொல்லின் பொருள். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் மௌனம்.

அந்த மௌனத்தினிடையே மூன்றாவது படம் பிறந்தது. 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே ஜூல்ஸ் டாசின் 'தி இன்ஃபார்மர்' கதையை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் கறுப்பின மக்களிடையே அமைத்து 'அப்டைட்' என்ற படத்தை எடுத்தார். நடிகை ரூபி டீயும், ஜிப்போவின் இடத்தில் நடித்த ஜூலியன் மேஃபீல்டும் திரைக்கதையில் பங்குகொண்டனர். அறவழியா ஆயுதவழியா என்று கிங்கின் மறைவுக்குப்பின் தம்முள் பிளந்து நின்ற ஒரு சமூகத்தின் கதையாக அது உருப்பெற்றது. டப்ளின் இல்லை, பனிமூட்டம் இல்லை. ஆனால் முந்தைய இரு படங்களும் நழுவவிட்ட முதுகெலும்பு, ஒரே மக்களுக்குள் நேரும் பிளவு, இப்படத்தில் தன் இடத்திற்குத் திரும்பி வந்தது. ஒரு நூலின் உண்மையை அதன் ஊர் மறுத்தபோது வேறோர் ஊர் ஏற்றுக்கொண்டது.

1984 செப்டம்பர் 7 அன்று, எண்பத்தெட்டாம் வயதில், டப்ளினில் ஓ ஃபிளாகர்ட்டி காலமானார். தடைகள் அதற்குள் நீங்கியிருந்தன.

அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1996இல் நீல் ஜோர்டனின் 'மைக்கேல் காலின்ஸ்' வெளிவந்து வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. நான்கு நீதிமன்றங்கள்மேல் ஐரிஷ் பீரங்கி சுட்டதைப் பெருந்திரளான மக்கள் திரையில் கண்டனர். மேலும் பத்தாண்டுகள் கழித்து, 2006இல் கென் லோச்சின் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி' கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. அதில் டேமியன் என்னும் இளைஞன், இயக்கத்தைக் காட்டிக்கொடுத்த ஊர்ச்சிறுவனைத் தன் கையால் சுடுகிறான். அவனுடைய தாயின் முன்னும் போய் நிற்கிறான். உடன்படிக்கை வந்தபின், அரசுப்படையில் சேர்ந்த சொந்த அண்ணனின் ஆணையாலேயே டேமியன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அப்படம் ஓ ஃபிளாகர்ட்டியின் கதையன்று. எனினும், காட்டிக்கொடுத்தவனையும், தாயையும், துப்பாக்கியின் மறுமுனையில் நின்ற உடன்பிறப்பையும் அதில் காணும்போது, 1923இலும் 1925இலும் ஒருவர் தனித்து நின்று எழுதிய பக்கங்கள் நம் நினைவுக்கு வாராமல் இரா.

பேரவை பிளவுபட்ட நாளிலிருந்து கான் விழா வரை எண்பத்து நான்கு ஆண்டுகள். திரைக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. எழுத்துக்குத் தேவைப்பட்டவை சில மாதங்களே. பெரும் பணமும் பெருங்கூட்டத்தின் இசைவும் வேண்டும் கலை காத்திருக்க வேண்டியதாகிறது. ஒரு தாளும் ஒரு பேனாவும் உடையவன் காத்திருக்க வேண்டியதில்லை. விலையை மட்டும் கொடுக்க வேண்டும். ஓ ஃபிளாகர்ட்டி அந்த விலையைத் தடையாகவும் தனிமையாகவும் கொடுத்தார். பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பேசிவரும் நம் வட்டத்தினர், எதிரியைப் பற்றி எழுதும் எளிமையையும், நம்மவரைப் பற்றி எழுதும் அருமையையும் எண்ணிப் பார்க்க இவர் வாழ்வு துணைசெய்யுமானால், இச்சிறு கட்டுரையின் நோக்கம் நிறைவேறிற்று எனக் கொள்வேன்.